டெர்ரி காலியரை மறுபடி பாட வைத்தவர்களுக்கு நன்றி

அமெரிக்கப் பாடகர் டெர்ரி காலியரின் குரலை எங்கள் காதுவரை கொண்டுவந்து சேர்த்த எல்லோருக்கும் வணக்கம்.

1945-ல் சிகாகோவில் பிறந்தவர் அவர். புகழ்பெற்ற சோல் பாடகர் கர்டிஸ் மேஃபீல்ட் சிறுவயது நண்பர். சோல், ஜாஸ், ஃபோக் என்ற மூன்று இசை வகைகளும் அவர் பாட்டில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். 1964-ல் பதிவான முதல் இசைத்தட்டில் அவருடைய கிட்டாருக்குத் துணை இரண்டு டபுள் பேஸ் (ஆள் உயரத் தாழ்சுரத் தந்தி வாத்தியம்) மட்டும்தான். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனை நேரில் கேட்டதன் பாதிப்பு அது. அந்தத் தட்டு வெளிவரவே சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

முதல் நன்றி இசைத் தயாரிப்பாளர் சார்லஸ் ஸ்டெப்னிக்கு. 1976-லேயே காலமாகிவிட்டார், இருந்தாலும் சொல்லியே ஆகவேண்டும். 1972 முதல் 1974 வரை கேடட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக இருவரும் சேர்ந்து செய்த மூன்று இசைத்தட்டுகள் இல்லையென்றால், பின்னால் வந்தவர்கள் தேடி எடுக்க என்ன இருந்திருக்கும்? ‘வாட் கலர் இஸ் லவ்’ தட்டின் முதல் பாட்டைக் கேளுங்கள். கிட்டாரோடு தாழ்ந்த குரலில் தொடங்கி, தந்தி வாத்தியங்கள் சேரச் சேர விரிந்துகொண்டே போகும். கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம், அதில் ஒரு நொடிகூட அவசரம் இல்லை.

இவ்வளவு செய்தும் பெரிய பெயர் வரவில்லை. 1980-களில் மகளை வளர்ப்பதற்காகப் பாடுவதை நிறுத்தினார். கணினி நிரல் எழுதக் கற்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

எடி பில்லர் அவர்களே, 1990-களின் தொடக்கத்தில் உங்கள் ஆசிட் ஜாஸ் என்ற லண்டன் இசைத்தட்டு நிறுவனம் அவருடைய பழைய பாட்டு ஒன்றை மறுபடி வெளியிட்டது. அதோடு நீங்கள் விடவில்லை. ஆளைத் தேடிப் பிடித்து, இங்கிலாந்துக்கு வந்து பாடச் சொன்னீர்கள். நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். பழைய பதிவுகளை மீண்டும் விற்பவர்கள் நிறையப் பேர், பாடியவரையே கூப்பிட்டு மேடை ஏற்றுபவர்கள் குறைவு. அவரும் அலுவலக விடுமுறையில் வந்து பாடிவிட்டு, திரும்ப வேலைக்குப் போனார்.

அப்புறம், அவர் தட்டுகளை லண்டன் கிளப்புகளில் சுழலவிட்ட டிஜேக்களுக்கும் நன்றி. அவர்களில் ஒருவரான ஜைல்ஸ் பீட்டர்சன் அவர்களே, 1998-ல் காலியரின் ‘டைம்பீஸ்’ இசைத்தட்டு உங்கள் டாக்கின் லவுட் நிறுவனம் வழியாக வந்தது. பாடகி பெத் ஆர்ட்டன் அவர்களே, உங்கள் 1997 பதிவில் அவரைச் சேர்த்துப் பாடியதால் அவர் பெயரே தெரியாத இளைஞர்களும் கேட்டார்கள்.

2012-ல், 67 வயதில் அவர் இறந்தார். அதற்குள் இன்னும் பல தட்டுகள் பாடிவிட்டார், கைதட்டலையும் தன் காதாலேயே கேட்டுவிட்டார். அதற்குத்தான் உங்கள் எல்லோருக்கும் இந்த நன்றி.

அன்புடன்,
ஒரு ரசிகன்