தம்பிக்கு, சின்னம்மாவின் படங்கள் விஷயமாக

தம்பி,

சின்னம்மா கொல்லப்பட்டதை வைத்து நீ எடுக்கப்போகும் நாடகத்துக்கு அவர் படங்களையும் என் குரலையும் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, யோசித்துவிட்டேன். அம்மா தன் வாயால் சரி என்று சொல்லும்வரை படங்களைத் தரமாட்டேன். அடையாள அட்டைப் படமும் கிடையாது, தீமிதி அன்று எடுத்த படமும் கிடையாது. என் குரலைப் பதிவு செய்யும் பேச்சை இனி எடுக்கவே வேண்டாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேசப் பேச நான் இளகிவிடுவேன், அது உனக்கே தெரியும். அதனால்தான் எல்லாரும் பார்க்க இங்கே எழுதுகிறேன், நீயும் இதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லையே. 'சுங்கை சிப்புட்டில் நடந்த உண்மைச் சம்பவம், விரைவில்' என்று ஊருக்கே போஸ்டர் போட்டாய். அதைப் பார்த்துவிட்டுக் கோயிலில் யாரோ அம்மாவிடம், "எப்போ வருது உங்க மகன் நாடகம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு விஷயம் அப்படித்தான் தெரிய வந்தது. போஸ்டருக்குக் கீழே ஒருவர் 'நம்ம ஊர் டாமர்' என்று எழுதியிருந்தார். அதற்கு நீ ஹார்ட் போட்டிருந்தாய்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு 2022 தீபாவளி ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. ஜெஃப்ரி டாமர் என்ற அமெரிக்கக் கொலைகாரனைப் பற்றிய தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கிள்ளானிலிருந்து உன் மாமனார் வீட்டார் வந்திருந்தார்கள். கோழி பெரட்டலும் சோறும் சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் உள்ளே தூங்கப் போனதும் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். உன் மைத்துனர் சாப்பிட்டுக்கொண்டே மூன்று எபிசோட் பார்த்ததாகச் சொன்னார், ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி. இன்னொருவர் முதல் எபிசோடையே தாண்ட முடியவில்லை என்றதும் எல்லாரும் அவரைக் கேலி செய்தார்கள். அந்தச் சின்னப் பெண், பாவம், நல்ல பிள்ளைதான், நடிகர் ரொம்ப அழகு என்றாள். அப்புறம், "சின்ன வயசுல அவனை யாராவது கவனிச்சிருந்தா இப்படி ஆகியிருக்க மாட்டான்ல?" என்றாள். 1978 முதல் 1991 வரை 17 பேரைக் கொன்றவனைப் பற்றித்தான் சொன்னாள். கொல்லப்பட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளிகள்.

அப்புறம் கோர்ட் காட்சியைப் போட்டாய். தம்பியைப் பறிகொடுத்த அக்கா ஒருத்தி, கொன்றவனின் முகத்துக்கு நேரே நின்று கத்துகிறாள். ஆவேசம் வந்து அவனை நோக்கிப் பாய்கிறாள், காவலர்கள் பிடித்து இழுக்கிறார்கள். ஹாலில் யாரோ கை தட்டினார்கள். "இன்னொரு தடவை போடு" என்றார்கள். நீ பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டாய்.

அப்போதுதான் அம்மா தே தட்டோடு வாசற்படியில் நின்றதைப் பார்த்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அந்தக் காட்சிக்கு இங்கிலீஷ் எதற்கு? அம்மா முழுவதும் பார்த்தார். பார்த்துவிட்டு உன்னிடம், "அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எடுத்தாங்களா?" என்றார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் கேட்டிருப்பாங்கம்மா" என்றாய்.

அம்மாவுக்கு அப்படி ஒரு கோர்ட் நாள் கிடைக்கவே இல்லை. கத்துவதற்கு எதிரே ஓர் ஆள் நின்றதில்லை. நான் எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன்.

உன் மாமியார் முன்னால் உன்னை அப்படிப் பேசியிருக்க வேண்டாம். உன் மனைவி விடியும்முன் பையைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பியதும் என் பேச்சால்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன், இத்தனை பேர் பார்க்கவே கேட்கிறேன். ஆனால் டிவியை அணைத்ததற்கு யாரிடமும் கேட்கமாட்டேன். இன்றைக்கு நடந்தாலும் அணைப்பேன்.

"அமெரிக்காக்காரன் கதை, உனக்கு என்னக்கா வந்தது?" என்றாய். அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. அதனால் தேடிப் படித்தேன். கேட்கவில்லை, தம்பி. அந்த அக்காவின் பெயர் ரீட்டா இஸ்பெல். 1992இல் மில்வாக்கி கோர்ட்டில் அவர் பேசிய பேச்சையும், தலைமுடியையும், போட்டிருந்த சட்டையையும் அப்படியே எடுத்து இன்னொருவருக்கு மாட்டிவிட்டார்கள். தன்னை யாரும் தொடர்புகொள்ளவில்லை என்று அவரே எழுதினார். தான் வரும் பகுதியை மட்டும் பார்த்தாராம். எல்லாவற்றையும் மறுபடி அனுபவித்தது போல இருந்ததாம். கிடைத்த பணத்தில் கொஞ்சமாவது செத்தவர்களின் பிள்ளைகளுக்குப் போயிருந்தால் இவ்வளவு கசப்பு இருந்திருக்காது என்றும் சொல்லியிருந்தார். 2022 அக்டோபர் கடைசியில் டாமர் வேஷ உடைகளை விற்கக்கூடாது என்று இபேயே தடுக்க வேண்டி வந்தது. அந்த அளவுக்குக் கேட்டு வாங்க ஆள் இருந்திருக்கிறார்கள்.

தொடரை எடுத்த ரயன் மர்ஃபி, குடும்பத்தாரும் நண்பர்களுமாகச் சுமார் 20 பேரை அணுகியதாகவும் யாரும் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னார். சரி, அப்படியே இருக்கட்டும். பதில் வராவிட்டால் எடுக்கலாம் என்று அர்த்தமா? நீ அதையேதான் செய்கிறாய். போன மாதம் அம்மாவிடம் பட்டும் படாமல் ஏதோ சொன்னாய், அம்மா பேசாமல் உள்ளே போய்விட்டார். "அம்மா வேணாம்னு சொல்லலையே" என்று என்னிடம் சொல்கிறாய். அம்மா எதற்குத்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்? ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறி, நாம் இருந்த லயத்து வீடுகளை இடித்தபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கிளெண்டா கிளீவ்லண்ட் என்ற பெயர் எனக்குத் தெரிந்ததே அந்தத் தொடரால்தான். 1991 மே 27 அன்று 14 வயது லாவோஸ் பையன் ஒருவன் டாமரின் வீட்டிலிருந்து தப்பி, சுயநினைவில்லாமல் தெருவுக்கு வந்துவிட்டான். வந்த போலீசார் கொலைகாரன் சொன்னதை நம்பி அந்தப் பையனை அவனோடே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன் சின்னப் பிள்ளை என்று கிளெண்டா திரும்பத் திரும்ப போன் செய்து சொன்னார். கறுப்பினப் பெண்ணின் சொல்லை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜூலை 22இல் கொலைகாரன் பிடிபடுவதற்குள் அந்தப் பையனையும், அதற்குப் பின் இன்னும் நான்கு பேரையும் கொன்றான். இதைப் படித்தபோது நம் லயத்துக் கடைசி வீட்டுப் பாட்டியை நினைத்து அழுதேன். பாட்டியும் சொன்னார். போய்ச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொன்னார். என்ன பதில் கிடைத்தது என்பது உனக்குத் தெரியும்.

தெரிந்தும் நீ அவரை உன் கதையில் சாமியாடிக் குறி சொல்கிறவராக ஆக்கியிருக்கிறாய்! அந்தத் தொடரிலும் கிளெண்டாவை மாற்றினார்கள். அவர் உண்மையில் இருந்தது பக்கத்துக் கட்டடத்தில், தொடரில் கொலைகாரனின் அடுத்த வீட்டில் வைத்தார்கள். அதையாவது விடலாம். நம் பாட்டி குறி சொல்லவில்லை, தம்பி. கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அதைக் குறி என்று ஆக்கிவிட்டால், அன்றைக்கு அவரைத் துரத்தியவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடாதா?

இன்னொன்று. உன் கதைச் சுருக்கத்தில் பக்கத்துத் தோட்டத்துச் சாவையும் சேர்த்து, இரண்டும் ஒரே கை செய்தது என்கிறாய். இதில் நான் அளந்துதான் பேச வேண்டும், நம் ஊர்க்காரர்கள் இதைப் படிப்பார்கள். நீ பெயர் மாற்றி எழுதியிருக்கும் அந்த ஆள் யார் என்று ஊரில் யாரும் கேட்கத் தேவையில்லை, அந்த அளவுக்கு அடையாளம் வைத்திருக்கிறாய். அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நான் யாரையும் சொல்லவில்லை, எதையும் பார்க்கவில்லை. எங்கள் அம்மாவும் யாரையும் சொன்னதில்லை. இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

நீ இதைப் பணத்துக்காகச் செய்கிறாய் என்று சித்தப்பா சொன்னபோது அவரோடு சண்டை போட்டது நான். சின்னம்மாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தமிழ்ப்பள்ளிக்குப் போனவன் நீ. உன் கால் சக்கரத்தில் மாட்டிவிடும் என்று பால்வெட்டுக்குக் கட்டிப்போகும் துண்டால் உன் இரண்டு காலையும் கம்பியோடு சேர்த்துக் கட்டுவார். மழை பெய்தால் செம்மண் ரோட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டே போவார், உன்னை இறங்க விடமாட்டார். அவரை யாரும் மறந்துவிடக் கூடாது என்றுதான் நீ தவிக்கிறாய். நம் ஊர் பெயர் வரலாற்றுப் பாடத்தில் வருவதே கொலையால்தான். 1948 ஜூன் 16இல் வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் மூன்று பேர் சுடப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் வந்தது. துரைமார்களின் பெயரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, தோட்டத்தில் செத்த நம் ஆட்களின் பெயர் எங்கே என்று பதினாறு வயதிலேயே கேட்டவன் நீ. அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் கேட்டுவிட்டு நீ கோலாலம்பூருக்குப் போய்விட்டாய். ராத்திரியில் நாய் குரைத்தால் எழுந்து விளக்கைப் போட்டு, பின்கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற அம்மாவோடு இருந்தது நான். எனக்கு வந்த இரண்டு வரன்களும் எதனால் தட்டிப்போயின என்று நீ கேட்டதே இல்லை. உன் கதையில் சின்னம்மா காதலனோடு ஓடத் திட்டம் போடுவதாக ஒரு காட்சி வைத்திருக்கிறாயே, அன்றைக்கு ஊர் பேசியதும் அதைத்தான். அதைத்தான் அம்மா ஒவ்வொரு வீடாகப் போய் இல்லை, இல்லை என்று சொன்னார். அக்காவுக்குக் காதல் கதை பிடிக்கும் என்று சிரித்துக்கொண்டே என்னிடம் படித்துக் காட்டினாய். எப்படி உனக்கு மனது வந்தது?

அடுத்த வாரம் திதி. வா. உன் மனைவியும் வந்தால் சந்தோஷம், அவளுக்கு நான் தனியாகவும் போன் செய்கிறேன். படையல் முடிந்ததும் அம்மா முன்னால் உட்கார்ந்து நீ எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை வாசி. பாட்டி குறி சொல்லும் இடத்தையும் வாசி, சின்னம்மா ஓடத் திட்டம் போடும் இடத்தையும் விடாமல் வாசி. அம்மா சரி என்றால் படங்களை நானே எடுத்துத் தருகிறேன். அப்போதும் என் குரல் மட்டும் கிடையாது.

அக்கா