12 உறைகள் மேசையில் காத்திருக்கின்றன: கல்லூரிகளுக்கிடையேயான கூடைப்பந்துப் போட்டிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த முன்னாள் வீரர்களே, வீராங்கனைகளே, பெற்றோர்களே, கூடைப்பந்தை நேசிக்கும் பெருமக்களே,

வணக்கம். இறையருளால் நமது போட்டி இவ்வாண்டு 30ஆம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. மகிழ்ச்சியோடு தொடங்க வேண்டிய கடிதம் இது. ஆனால் கையில் இருப்பவை 19 நாட்கள். குறைபவை 82 பங்குகள். எனவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போட்டியின் மொத்தச் செலவை 200 சம பங்குகளாகப் பிரித்திருக்கிறோம். ஒரு பங்கின் தொகை இத்துடன் உள்ள படிவத்தில் இருக்கிறது. இதுவரை 118 பங்குகள் சேர்ந்துள்ளன. கடந்த 6 ஆண்டுகளாக 60 பங்குகளைத் தனியாகவே தாங்கிவந்த ஒரு நிறுவனம், இம்முறை இயலாது என்று எழுதிவிட்டது. அந்தக் கடிதம் வந்தபோது எங்கள் அழைப்புகள் எல்லா அணிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. 6 ஆண்டுகள் தாங்கிய தோள்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் இருக்கிறது.

அழைப்புகள் எப்படிப் போயின என்பதைச் சொன்னால்தான் எங்கள் பதற்றம் உங்களுக்குப் புரியும். நம் பயிற்சியாளர் மாலைப் பயிற்சி முடிந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஸ்கோர் எழுதும் மேசையிலேயே உட்கார்ந்துவிடுவார். தாள் பறக்காமலிருக்க அதன்மேல் விசிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடிதத்தையும் கையால் எழுதுவார். நான்கு மாதங்களில் 26 கல்லூரிகளுக்கு 41 கடிதங்கள். ஒன்றைப் போல மற்றொன்று இருக்காது. சென்ற ஆண்டு அரையிறுதியில் தோற்ற அணிக்கு எழுதியபோது, அந்த ஆட்டத்தில் கடைசி நிமிடம்வரை ஓடிய மாற்று ஆட்டக்காரரை நினைவுகூர்ந்து, 'அந்தத் தம்பி இப்போது தொடக்க ஐவரில் ஒருவராகியிருப்பார் என்று நம்புகிறேன்' என்று எழுதினார். அந்தக் கல்லூரியிலிருந்து நான்காம் நாளே ஒப்புதல் வந்தது.

இன்னொரு பதில், ஒரு பெண்கள் அணியின் பயிற்சியாளரிடமிருந்து வந்தது. 'எங்களிடம் 9 பேர்தான் இருக்கிறார்கள். வெளியூர் போய் ஆடுவது இதுவே முதல்முறை. தங்குமிடத்தில் பெண் பொறுப்பாளர் இருப்பாரா என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன சொல்வது?' என்று கேட்டிருந்தார். நம் பயிற்சியாளர் அன்றிரவே இரண்டு பக்கம் எழுதினார். எந்தக் கட்டடம், கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, பக்கத்து அறையில் யார் படுத்திருப்பார், இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி: 'தங்குமிடமும் உணவும் எங்கள் பொறுப்பு. பிள்ளைகளை நம்பி அனுப்பி வையுங்கள்.'

அந்த வரியை எழுதியது ஒருவர் கை. ஆனால் வாக்கு நம் எல்லோருடையது.

நம் விளையாட்டின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், கடிதம் எழுதியும் கையேந்தியும் அதை வளர்த்தவர்கள் பயிற்சியாளர்கள்தான் என்பது தெரியும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒரு பயிற்சிக் கல்லூரியில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் அடைபட்டுச் சலித்துப்போன 18 மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அவர் கேட்டது பெட்டிகள்; கிடைத்தவை பீச் பழக்கூடைகள். 10 அடி உயரத்தில் மாடக் கைப்பிடியில் அவற்றை அறைந்து, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டி, பக்கத்துக்கு 9 பேராக நிறுத்தினார். அன்று பந்து கூடைக்குள் விழுந்தது ஒரே ஒரு முறை. இன்றும் வளையம் அதே உயரத்தில், 3.05 மீட்டரில், நிற்கிறது.

அந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெற 45 ஆண்டுகள் ஆயின. 1936இல் பெர்லினில் அது ஆடப்பட்டபோது நைஸ்மித்துக்கு வயது 74. போய்வரும் வசதி அவரிடம் இல்லை. அமெரிக்காவின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கம் நாடெங்கும் பணம் திரட்டி அவரை அனுப்பிவைத்தது. தான் கூடையைத் தொங்கவிட்ட ஆட்டத்தை உலக நாடுகள் ஆடுவதை அந்தப் பெரியவர் நேரில் பார்த்தார். யார் யாரோ கொடுத்த சிறு தொகைகள் ஒன்றுசேர்ந்து அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் குழுவின் மூத்த உறுப்பினருக்குக் கண் கலங்கிவிடும்.

1939இல் என்.சி.ஏ.ஏ. எனும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கூடைப்பந்துப் போட்டி முதன்முதலில் நடந்தபோதும் அதை முன்னின்று நடத்தியது அதே பயிற்சியாளர்கள் சங்கம்தான். வந்தவை 8 அணிகள். இறுதியாட்டத்தில் ஓரிகன் அணி 46-33 என ஓஹாயோ ஸ்டேட் அணியை வென்றது. கணக்குப் பார்த்தால் சுமார் 2,500 டாலர் நட்டம். இன்று கோடிக்கணக்கானோர் பார்க்கும் போட்டி, முதலாண்டு நட்டத்தில்தான் முடிந்தது. நட்டத்துக்குப் பயந்து அவர்கள் அன்றே கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நமது போட்டியும் வெறுங்கையோடுதான் பிறந்தது. முதலாண்டில் 4 அணிகள், திறந்தவெளி ஆடுகளம், சுண்ணாம்பில் போட்ட கோடு. முதல்நாள் இரவு மழை பெய்து கோடுகள் கரைந்துபோயின. அன்றைய மாணவர்கள் விடியுமுன் எழுந்து சாக்குத் துணியால் தண்ணீரை ஒற்றியெடுத்து, நூல் பிடித்து, 28 மீட்டருக்கு 15 மீட்டர் களத்தை மறுபடியும் வரைந்தார்கள். ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியது. அன்று நூலின் ஒரு முனையைப் பிடித்து நின்றவர் இன்று நம் குழுவின் தலைவர். அந்த நூற்கண்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இனி கணக்கு. ஆண்கள் 8 அணிகள், பெண்கள் 4 அணிகள். அணிக்கு 12 ஆட்டக்காரர்கள், ஒரு பயிற்சியாளர், ஒரு மேலாளர் என்று வைத்தால் 168 பேர். ஆண்கள் பிரிவில் 16 ஆட்டங்கள், பெண்கள் பிரிவில் 7, ஆக 23 ஆட்டங்கள், 5 நாட்கள். உணவுக்கு 58 பங்குகள். தங்குமிடத்துக்கு 46. நடுவர்களுக்கும் மேசை அலுவலர்களுக்கும் 34. தரை பழுதுபார்க்க 22. கடிகாரங்களுக்கு 14. கோப்பைகள், சான்றிதழ்களுக்கு 10. பந்துகளுக்கு 8. மருத்துவ உதவிக்கு 8. இதில் எதைக் குறைப்பது என்று மூன்று கூட்டங்களில் பேசிப் பார்த்தோம். கோப்பைகளைச் சிறிதாக்கியாயிற்று. மேடை அலங்காரத்தை முழுவதும் நீக்கியாயிற்று. இதற்குமேல் வெட்டினால் அது பிள்ளைகளின் தட்டிலும் கால்களிலும்தான் போய் விழும்.

கால்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இடப்பக்க வளையத்துக்கு முன்னால், ப்ரீ த்ரோ கோட்டை ஒட்டி, இரண்டு மரப்பலகைகள் தளர்ந்திருக்கின்றன. பந்தை அங்கே தட்டினால் முழங்கால் உயரம்கூட எழும்புவதில்லை. காலிப் பெட்டியைத் தட்டியதுபோலச் சத்தமும் மாறுகிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த இடம் தெரியும், விலகி ஓடுவார்கள். வந்து ஆடுபவர்களுக்குத் தெரியாது. சென்ற ஆண்டு விருந்தினர் அணியைச் சேர்ந்த ஒருவர் அங்கே பந்தை நழுவவிட்டு, எட்டிப் பிடிக்கப் போய்க் கணுக்கால் பிசகி, மீதிப் போட்டி முழுவதும் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெர்லின் ஒலிம்பிக் இறுதியாட்டம் மழையில் சேறான திறந்தவெளிக் களத்தில் நடந்து, 19-8 என்று முடிந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே முடியவில்லை. அது வானம் செய்தது. நம் பலகைகள் தளர்ந்திருப்பது நமக்குத் தெரியும். தெரிந்தே விருந்தாளியை அதன்மேல் ஓடவிடுவது முறையல்ல.

பந்தைப் பெற்ற அணி எவ்வளவு நேரத்துக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்று காட்டும் 24 விநாடிக் கடிகாரமும் ஆடம்பரம் அல்ல. 1950இல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டம் ஒன்று 19-18 என்று முடிந்தது. வலிமை மிக்க மின்னியாபொலிஸ் அணியிடம் பந்து போகாதிருக்க எதிரணி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட ஆட்டங்களால் வந்த சலிப்புதான் 1954இல் என்.பி.ஏ. எனும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரில் அந்தக் கடிகாரத்தைக் கொண்டுவரச் செய்தது. நம்மிடம் இருக்கும் இரண்டு கடிகாரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சென்ற ஆண்டு இறுதியாட்டத்தில் ஒரு மாணவி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டை கட்டும்வரை விநாடிகளைக் கூவினார்.

இவ்வளவுக்கும் நடுவில் சிலர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்கள்: பெண்கள் பிரிவை இந்த ஓராண்டு நிறுத்திவைத்தால் செலவு குறையுமே என்று. பணிவோடு மறுத்துவிட்டோம். அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை, ஆட்டம் பிறந்த அடுத்த ஆண்டே, 1892இலேயே, அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஆனால் ஒலிம்பிக்கில் ஆண்கள் 1936இல் ஆடினார்கள். பெண்கள் 1976வரை காத்திருந்தார்கள். 40 ஆண்டுகள். காத்திருக்கச் சொல்வது எப்போதும் பெண்களிடம்தானா? அந்த 9 பேரும் பையைக் கட்டி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு நாங்கள் எந்த முகத்தோடு மறுகடிதம் எழுதுவது?

இதுவரை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு பத்தி போதாது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயரின்றியே வணங்குகிறோம். ஓய்வுபெற்ற நூலகர் அம்மையார் 22 ஆண்டுகளாக முதல் பங்கைத் தாமே கொண்டுவந்து தருகிறார். இவ்வாண்டு நடக்க முடியாத நிலையிலும் பேரன் கையில் கொடுத்தனுப்பினார். முன்னாள் அணித்தலைவர் ஒருவர் தம் முதல் மாதச் சம்பளத்திலிருந்து 3 பங்குகள் கொடுத்தார். பஸ் ஓட்டுநர் அண்ணன், அணிகளை நிலையத்திலிருந்து அழைத்து வரும் வேலையை 11 ஆண்டுகளாகக் கூலி வாங்காமல் செய்கிறார். விடுதிச் சமையலறைப் பெண்கள் ஐந்து நாட்களும் மிகைநேர ஊதியம் வேண்டாம் என்றார்கள். அது சரியல்ல என்று நாங்கள்தான் மறுத்தோம். பெண்கள் ஆடும் 6ஆம் எண் பந்து நம்மிடம் போதாது என்று கேள்விப்பட்டு, முன்னாள் வீராங்கனைகள் நால்வர் சேர்ந்து 4 பந்துகள் வாங்கி அனுப்பினார்கள். அவற்றில் ஒன்றின்மேல் யாரோ பேனாவால் சிறியதாக 'நன்றாக ஆடுங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். அதை அழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இறைவன் இவர்கள் எல்லோரையும் நலமாக வைக்கட்டும்.

மற்றவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது; உரிமையோடுதான் சொல்கிறோம். இந்தக் கோப்பையைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்ட முன்னாள் ஆட்டக்காரர்களில் எங்களிடம் முகவரி இருப்பவர்கள் 214 பேர். எல்லோருக்கும் கடிதம் போனது. பதில் எழுதியவர்கள் 37 பேர். அந்தப் படங்கள் உடற்பயிற்சித் துறைச் சுவரில் இன்றும் மாட்டப்பட்டிருக்கின்றன. நீங்கள் ஆடிய நாட்களில் உங்கள் தட்டில் விழுந்த உணவும், நீங்கள் படுத்த பாயும் முன்பின் தெரியாத யாரோ கொடுத்தவை. அவர்கள் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கேட்கிறோம், உங்களுக்காக அல்ல, உங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்காக. வசதி இல்லாதவர்களைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர்கள் வந்து கைதட்டினாலே போதும். வசதி இருந்தும் 'யாராவது கொடுப்பார்கள்' என்று இருப்பவர்களிடம்தான் கேட்கிறோம்: அந்த யாராவது யார்?

முழுப் பங்கு முடியாதவர்கள் அரைப் பங்கு, கால் பங்கு தரலாம். இருவர் மூவர் சேர்ந்து ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம். பொருளாகத் தர விரும்புபவர்கள் பாய், போர்வை, காயத்துக்குக் கட்டும் துணி, 6ஆம் எண் பந்து ஆகியவற்றைத் தரலாம். படிவத்தைப் பூர்த்தி செய்து வரும் 20ஆம் தேதிக்குள் குழுவின் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள். ரசீது உடனே தரப்படும். வரவு செலவு ஏடு ஐந்து நாட்களும் ஸ்கோர் மேசையின் ஓரத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ஒரு பங்கு மிஞ்சினாலும் அடுத்த ஆண்டுக் கணக்கின் முதல் வரியாக அது எழுதப்படும்.

21ஆம் தேதி காலையில் பயிற்சியாளர் 12 அணிகளுக்கும் உறுதிக் கடிதம் அனுப்ப வேண்டும். உறைகளின்மேல் முகவரி எழுதித் தபால்தலையும் ஒட்டி வைத்துவிட்டார். உள்ளே வைக்க வேண்டிய கடிதத்தை இன்னும் எழுதவில்லை.

இப்படிக்கு,
போட்டி அமைப்புக் குழுவினர்