சாவிக்கு இடம் இல்லாத வண்டி

அன்புள்ள மாப்ள கணேசனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலி ஒரு காரணம், பேரன் லீவுக்கு வந்து கம்ப்யூட்டரை விட்டு நகராதது இன்னொரு காரணம். நேற்றுதான் அவனை ஊருக்கு அனுப்பினோம், வீடு திடீரென்று பெரிசாகிவிட்ட மாதிரி இருக்கிறது. உன் வீட்டு வெள்ளையடிப்பு முடிந்ததா? உன் வீட்டம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். நடு மாடல் எடுக்கவா, டாப் மாடல் எடுக்கவா என்று கேட்டிருக்கிறாய். டாப்பில் சாவியை எடுக்காமலே கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும், டிவி மாதிரி பெரிய ஸ்கிரீன் இருக்கும், அதற்காக இன்னும் ஒன்றரை லட்சம் கொடுக்கலாமா என்கிறாய். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நீ ஏன் ஏன் என்று கேட்டு என் உயிரை எடுப்பாய், அதனால் ஒட்டன்சத்திரத்தில் எனக்கு நடந்ததை முதலில் கேள்.

போன ஐப்பசியில் உன் தங்கச்சியை, அதுதான் என் வீட்டுக்காரியை, திருச்சி பஸ் ஏற்றிவிடத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். நான் வேட்டி சட்டை. சட்டைப் பையில் போனும் மூக்குக் கண்ணாடியும். சாவி இப்போதெல்லாம் சாவி மாதிரியா இருக்கிறது, சோப்புத் துண்டு மாதிரி தடியாக ஒன்று, அதையும் எங்கே திணிப்பது என்று அவள் கைப்பையில் போடச் சொல்லிவிட்டேன். பை வண்டிக்குள் இருந்தால் போதுமே, பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஆட்டோக்காரர்கள் பின்னால் ஹாரன் அடிக்க, இன்ஜினை அணைக்காமலே அவளை இறக்கிவிட்டேன். பையை மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள், நான் நேராக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு விட்டேன், மச்சினி வீட்டு வளைகாப்புக்குக் காய்கறி எடுக்க வேண்டியிருந்தது.

வண்டி என்னை எச்சரிக்காமல் இல்லை. பீப் பீப் என்று கத்தியிருக்கிறது, மீட்டரில் ஒரு சாவி படம் மின்னியிருக்கிறது. ஆனால் ரேடியோவில் கொடைக்கானல் எஃப்எம் 100.5-இல் வரிசையாகப் பழைய பாட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் சத்தத்தை நன்றாக ஏற்றி வைத்திருந்தேன். ஏதோ சத்தம் கேட்ட ஞாபகம் இருக்கிறது, சீட் பெல்ட்டுக்குக் கத்துகிறது என்று நினைத்து பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்து மாட்டினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம் ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டு போய், மார்க்கெட் ஓரத்தில் நிறுத்தி, பட்டனை அழுத்தி இன்ஜினை அணைத்தேன். அவ்வளவுதான்.

இறங்கிக் கைப்பிடி பட்டனைத் தொட்டேன், பூட்டவில்லை. மறுபடி உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன், அசையவில்லை. பாதி இறக்கி வைத்திருந்த கண்ணாடியும் ஏறவில்லை. மடியைத் தடவினேன், சட்டையைத் தடவினேன், அப்போதுதான் கைப்பை ஞாபகம் வந்தது. போன் போட்டால், "மணப்பாறை வரப்போகுதுங்க, முறுக்கு வாங்கட்டுமா?" என்கிறாள். பையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் போனை வைக்கவே இல்லை.

பூட்டாத வண்டியை வெங்காய மண்டியில் எடை போடும் ஒரு தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துத் திண்டுக்கல் வந்து, பீரோவில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு திரும்பவும் பஸ் பிடித்துப் போய்ச் சேர மூன்றரை மணி நேரம். அந்தத் தம்பி காசு வாங்க மறுத்துவிட்டான். "அடுத்த தடவை சாவிய கழுத்துல கட்டிக்கங்க அய்யா" என்றான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நம் பழைய வண்டிகளில் சாவிக்கு ஓர் இடம் இருந்தது. ஓடும்போது அது துவாரத்தில் இருந்தே ஆக வேண்டும், நிறுத்தினால் கைக்கு வந்தே ஆக வேண்டும். இதில் சாவிக்கு இடமே கிடையாது, வண்டிக்குள் எங்கோ இருந்தால் சரி. எங்கோ இருக்கலாம் என்றால் எங்கேயும் போய்விடலாம் என்பதும் சரிதானே. சாவி வெளியே போனதும் இன்ஜின் தானாக நின்றுவிடக் கூடாதா என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். நான்கு வழிச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியின் பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார், அதனால்தான் நிறுத்தாமல் கத்த மட்டும் செய்கிறது. அந்த நியாயம் எனக்கு ஒப்புதல்தான்.

உள்ளே நடப்பது நம் பாலிடெக்னிக் பாடம்தான் மாப்ள. கைப்பிடியைத் தொட்டதும் வண்டி 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில், தாழ்ந்த அலைவரிசையில் ஒரு குரல் கொடுக்கிறது. அது காந்தப்புலம், தூரம் போகப் போகச் சடாரென்று தேய்ந்துவிடும், அதனால் ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் சாவிக்குத்தான் கேட்கும். சாவி 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது, அது பல மீட்டர் போகும். ஆக அழைப்பு குசுகுசுவென்று, பதில் உரக்க. சாவியே ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு தரமும் சங்கேதம் மாறும், ஒருவன் ஒட்டுக்கேட்டு அதையே திருப்பி ஒலிபரப்பினால் வண்டி ஏற்காது.

திருடர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவன் நம் வீட்டுச் சுவரோரம், இன்னொருவன் காரோரம், இருவர் கையிலும் சிக்னலை ஏந்திக் கடத்தும் பெட்டி. வண்டியின் குசுகுசுப்பை இவன் வாங்கி அவனுக்கு அனுப்ப, சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று வண்டி ஏமாந்து திறந்துவிடும். சங்கேதத்தை யாரும் உடைக்கவே இல்லை, தூரத்தைத்தான் பொய்யாக்கினார்கள். இங்கிலாந்தில் பல வருடமாக இது பெரிய தலைவலி. புதிய சாவிகள் சிலவற்றில் அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும்படி வைத்திருக்கிறார்கள், இன்னும் சிலவற்றில் சிக்னல் போய்வரும் நேரத்தை அளந்து தூரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு இருக்கவே இருக்கிறது பழைய பிஸ்கட் தகர டப்பா. சாவியைப் போட்டு மூடி, டப்பாவைக் கையில் பிடித்தபடி கார் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. அன்றிலிருந்து ராத்திரி சாவிக்கு அதுதான் படுக்கை. நீயும் செய்தால் இப்படிச் சோதித்துவிட்டுச் செய், எல்லா டப்பாவும் ஒன்றில்லை.

பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்பதும் வாங்கும் அன்றே கற்றுக்கொள்ள வேண்டியது. பழனி அடிவாரத்தில் ராத்திரி பதினொன்றே காலுக்கு நான் கற்றுக்கொண்டேன், அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம். சாவியின் வயிற்றுக்குள் ஒரு தகட்டுச் சாவி ஒளிந்திருக்கிறது, பக்கவாட்டுப் பொத்தானை நகர்த்தினால் உருவி எடுக்கலாம், டிரைவர் கதவு திறக்கும். அப்படித் திறந்தால் சில வண்டியில் அலாரம் ஊரைக் கூட்டும், எங்கள் வண்டி கூட்டியது, மலையேறி இறங்கிய பக்தர்கள் எல்லாம் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். எங்கள் வண்டியில் உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, செத்த சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டி வைத்து அழுத்த வேண்டும். எழுந்துகொள்ளும். பேட்டரியே இல்லாமல் எப்படி என்கிறாயா? பட்டனைச் சுற்றி ஒரு காயில், சாவிக்குள் ஒரு காயில், ஒன்றில் ஓடும் மின்சாரம் தொடாமலே இன்னொன்றில் மின்சாரத்தை எழுப்பும், நம் வாத்தியார் போர்டில் வரைந்த அதே மியூச்சுவல் இண்டக்டன்ஸ். அந்த இருட்டில் எனக்கு வாத்தியார் முகம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் சாவியில் இருப்பது சிஆர் 2032, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது, வாட்ச் கடையில் கிடைக்கும். இப்போது ஒன்று பர்ஸில் எப்போதும் இருக்கிறது. எனக்குச் சீக்கிரம் தீர்ந்ததற்குக் காரணமும் நான்தான். கிட்டே போனாலே விளக்குப் போட்டு வரவேற்கும் ரகம் எங்கள் வண்டி. டப்பா யோசனை வருவதற்கு முன்னால் போர்டிகோ சுவரில் ஆணி அடித்துச் சாவியை மாட்டி வைத்திருந்தேன், ராத்திரி பூரா இரண்டும் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன.

சரி, பாட்டுக்கு வருகிறேன், உனக்கு முக்கியம் அதுதானே.

டாப் மாடலின் பெரிய ஸ்கிரீனைப் பார்த்து மயங்காதே. நான் ஓட்டிப் பார்த்த ஒன்றில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கக் குமிழே கிடையாது, கண்ணாடிமேல் விரலை வைத்துத் தேய்க்க வேண்டும், விரல் எங்கே படுகிறது என்று பார்க்காமல் தேய்க்க முடியாது. 80-இல் போகும்போது இரண்டு நொடி கண்ணை எடுத்தால் 44 மீட்டர் குருட்டு ஓட்டம். ஐரோப்பாவில் கார்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர உதவி அழைப்பு இதற்கெல்லாம் கைக்குத் தட்டுப்படும் பட்டனோ லீவரோ இல்லையென்றால் முழு மதிப்பெண் இல்லை என்று வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் சத்தக் குமிழையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும், அன்றைக்கு அந்த பீப் என் காதில் விழாமல் போனதே அதனால்தானே என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் எங்கள் வண்டியில் குமிழ் இருந்தது, சத்தமாக வைத்தது நான்தான்.

ப்ளூடூத்தில் பாட்டு டெலிபோனில் கேட்கிற மாதிரி இருந்தால் ஸ்பீக்கரைத் திட்டாதே. போனில் கார் பெயருக்குப் பக்கத்தில் 'அழைப்பு', 'மீடியா' என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். பேச்சுக்குப் போகும் வழி குறுகல், பாட்டுக்குப் போகும் வழி அகலம், மீடியா அணைந்து கிடக்கிறதா என்று பார். பென் டிரைவ் வாங்கினால் 32 ஜிபி போதும். பெரியவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் வரும், பல கார் ஸ்டீரியோ அதைத் தொடாது, ஃபேட்32 ஃபார்மட் என்றால் அநேகமாக எல்லாம் படிக்கும். ஈக்வலைசரில் பேஸை ஏற்றிவிட்டு நம் காலத்துப் பாட்டைப் போட்டால் பாடுகிறவர் கிணற்றுக்குள் இருந்து பாடுவார், பேஸை இறக்கி நடுவை ஒரு புள்ளி ஏற்று, முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடரை முன்பக்கம் கொஞ்சம் தள்ளு. வேகத்துக்குத் தக்க சத்தம் தானாக ஏறும் வசதி ஒன்று மெனுவில் இருக்கும், அதை நான் அணைத்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் எதுவும் சத்தம் ஏற்ற வேண்டாம்.

நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்க பிரேக்கை மிதிக்காமல் பட்டனை ஒரு தரம் அழுத்து, பாட்டு மட்டும் உயிர்பெறும். இரண்டாம் தரம் அழுத்தினால் எல்லாமே வரும். அப்படியே தூங்கிவிடாதே, பேட்டரி போய்விடும்.

ரேடியோவில் ஒரு கூத்து. ஒரு மாதமாக கொடைக்கானல் ஸ்டேஷன் திண்டுக்கல்லிலேயே கரகரத்தது. மலையுச்சியிலிருந்து அனுப்புவதால் மதுரை, தேனி வரை கேட்கும் ஸ்டேஷன், இங்கே கரகரக்க நியாயமே இல்லை. ஆன்டெனாவைக் கழற்றி மாட்டினேன், சர்வீசில் கொடுத்தேன், ஸ்டீரியோவையே மாற்றச் சொன்னார்கள். ஒருநாள் போன் சார்ஜ் முடிந்து சார்ஜரைப் பிடுங்கினேன், கண்ணாடி துடைத்த மாதிரி தெளிவு. பிளாட்பாரத்தில் 120 ரூபாய்க்கு வாங்கிய சார்ஜர், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க உள்ளே வேகமாக ஆன் ஆஃப் ஆகும் சுற்று, வடிகட்டவும் ஒன்றும் இல்லை, எஃப்எம் முழுக்க இரைச்சலைக் கொட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில் சாவியை வைத்தபோது சில நேரம் வண்டி சாவி இல்லை என்று சொன்னதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நாற்பது வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன் கண்டுபிடிக்க ஒரு மாதம். யாரிடமும் சொல்லாதே.

ஆக என் பேச்சைக் கேட்டால் நடு மாடலை எடு. ஷோரூமில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டு, சத்தக் குமிழும் ஏசி குமிழும் கைக்கு அகப்பட்டால் பேசி முடி. இல்லை, உன் வீட்டம்மாவுக்கு மூட்டை முடிச்சோடு கதவைத் தொட்டால் திறக்க வேண்டும் என்றால் டாப்பையே எடு, நான் குறை சொல்ல மாட்டேன், மழையில் அதன் அருமை தெரியும். ஆனால் டெலிவரி எடுக்கிற அன்றைக்கே கியர் பக்கத்துக் குழியில் சாவிக்கு ஓர் இடம் ஒதுக்கிவிடு. நான் இப்போது அரைஞாணில் ஒரு கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன், உன் தங்கச்சி கூட்டத்தில் என்னோடு நடக்க வெட்கப்படுகிறாள்.

தையில் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது அந்த அட்டைப் பெட்டிக் கேசட்டுகளை எடுத்து வா. என் டெக்குக்குப் புது பெல்ட் போட்டுவிட்டேன், ஹெட்டையும் துடைத்துவிட்டேன், ஓட்டிக் கேட்க கேசட்தான் இல்லை.

உன்,
பாண்டி