நாவை அடக்கினால் மட்டும் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் நாவடக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாவைப் பற்றிப் பேசுகிற வேதாகமத்தின் யாக்கோபு 3-ஆம் அதிகாரத்தை நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள். ஆனால் கட்டுரை முழுக்க எதைப் பேசக்கூடாது என்பதோடு நின்றுவிட்டது. புறங்கூறாதே, கோபத்தில் பேசாதே, பொய் சொல்லாதே. சரி, அப்புறம் என்னதான் பேசுவது?

கெட்ட வார்த்தை ஒன்றும் வாயிலிருந்து புறப்பட வேண்டாம் என்ற எபேசியர் 4:29-இன் முதல் பாதி நம்மில் பலருக்கு மனப்பாடம். கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமான நல்ல வார்த்தையைப் பேசுங்கள் என்று அதே வசனம் தொடர்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்பவர் பாதி வசனத்துக்குத்தான் கீழ்ப்படிகிறார்.

நல்ல வார்த்தை பேசி ஊக்கப்படுத்தியவருக்கு உதாரணமாக, ஆதிச் சபையின் ஊழியர் பர்னபாவை எடுத்துக்கொள்ளுங்கள். சபையைத் துன்பப்படுத்திய சவுல் (பிற்பாடு பவுல் என்று அழைக்கப்பட்டவர்) மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவரை நம்பவில்லை, பயந்தார்கள். பர்னபாதான் அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துப்போய், வழியில் அவர் கர்த்தரைக் கண்டதையும் தமஸ்குவில் தைரியமாகப் பிரசங்கித்ததையும் எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 9:27). சவுல் வேஷம் போட்டிருந்தால் பர்னபாவின் பெயரும் சேர்ந்தே கெட்டிருக்கும். பிற்பாடு, ஊழியத்தில் பாதியில் திரும்பிப்போன மாற்குவுக்காக அதே பவுலோடு கடுமையாக வாதாடிப் பிரிந்தும் போனார். கடைசியில் மாற்கு தனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுலே எழுத வேண்டி வந்தது (2 தீமோத்தேயு 4:11). ஊக்கப்படுத்துவது என்றால் யாரிடமும் முகம் சுளிக்காமல் இனிக்க இனிக்கப் பேசுவது என்று நினைப்பவர்கள் அப்போஸ்தலர் 15-ஐ ஒருமுறை படிக்கலாம்.

இன்னொன்று, நம் சபைகளில் பாராட்டு பெரும்பாலும் பொத்தாம்பொதுவாகத்தான் இருக்கிறது. 'பிரசங்கம் ஆசீர்வாதமாக இருந்தது' என்று வாசலில் கைகுலுக்கிவிட்டுப் போகிறோம். எந்த வார்த்தை ஆசீர்வாதமாக இருந்தது என்று கேட்டால் விழிப்போம். ரோமர் 16-இல் பவுல் ஆளாளுக்குப் பெயர் சொல்கிறார். பலருக்குக் காரணமும் சொல்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகக் கழுத்தைக் கொடுத்தவர்கள், பெர்சியாள் மிகவும் பிரயாசப்பட்டவள், ரூப்பின் தாய் தனக்கும் தாய். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் வேகமாகப் புரட்டிவிடுகிற அதிகாரம் அது.

இது முகஸ்துதியில் போய் முடியாதா என்று சிலர் கேட்பார்கள். கொரிந்தியருக்கு முதலில் அவர்களுக்காக நன்றி சொல்லிவிட்டுப் பிறகு கண்டித்த பவுல், கலாத்தியருக்கு அந்த நன்றியைக்கூட எழுதாமல் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறார். இல்லாததைச் சொல்ல வேண்டியதில்லை, இருப்பதைச் சொன்னாலே போதும்.

துக்க வீடு மட்டும்தான் எனக்குச் சிக்கலாகத் தெரிகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்த வரையில் சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் பாரமானார்கள். அங்கே எப்போது பேசுவது, எப்போது சும்மா இருப்பது என்று, அப்படிப்பட்ட வீடுகளுக்கு அடிக்கடி போகிற போதகர் ஒருவரை எழுதச் சொல்லுங்களேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி