பெயர்ப்பலகையை மட்டும் மாற்றாத புதிய உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளருக்கு,

வணக்கம். எங்கள் தெருமுனை உணவகம் கைமாறிய செய்தியைத் தாங்கள் சொல்லி நாங்கள் அறியவில்லை. கல்லாவில் புதிய முகம், சுவரில் புதிய வண்ணம், பழகிய பணியாளர்களில் பாதிப்பேர் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நாங்களே ஊகித்துக்கொண்டோம். பணம் போட்டு வாங்கியவர் தம் விருப்பப்படி நடத்திக்கொள்வார் என்பதில் எனக்கு மறுப்பில்லை. முன்பிருந்தவர் காலத்தில் எல்லாமே ஒழுங்காக இருந்தது என்றும் சாதிக்கமாட்டேன். கை கழுவும் இடம் முகம் சுளிக்க வைத்தது. சமையலறைப் புகை சாப்பிடும் கூடம்வரை வந்தது. இரண்டையும் வந்தவுடனே சரிசெய்தீர்கள், அதற்கு நன்றி.

ஆனால், தாங்கள் வாங்கியது எதை என்பதில்தான் தங்களுக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபடுகிறது என்று நினைக்கிறேன். அடுப்பு, பாத்திரம், மேசை, நாற்காலி ஆகியவற்றின் மதிப்பையெல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு மேல் ஒரு தொகையைத் தாங்கள் கொடுத்திருப்பீர்கள். நடந்துகொண்டிருக்கும் தொழிலை விற்பவர் எவரும் அதைக் கேட்காமல் விடுவதில்லை. கணக்காளர்களும் அதை நன்மதிப்பு என்று தனி வரியில் எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் நீதித்துறையின் தலைமைப் பதவியான லார்டு சான்சலர் பதவியில் இருந்த எல்டன் பிரபு, 1810இல் ஒரு வழக்கில் இதை விளக்க நேர்ந்தபோது, பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே வருவார்கள் என்ற வாய்ப்புக்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்றார். சட்டமும் கணக்கியலும் அதன்பிறகு எவ்வளவோ விரிந்துவிட்டன என்றாலும், ஒரு தெருமுனை உணவகத்தைப் பொறுத்தவரை அந்த விளக்கம் இன்றும் போதும். தாங்கள் விலை கொடுத்த பொருள்களில் எங்கள் வருகையும் ஒன்று. எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாத நாங்கள், எந்த நாளிலும் வேறு கடைக்குப் போய்விடலாம் என்பதுதான் அந்தச் சொத்தில் உள்ள சிக்கல்.

உணவுப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அரை அளவில் பரிமாறும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டீர்கள். லாபம் குறைவு, வேலை மட்டும் முழு அளவுக்கு உள்ளதே என்று தங்கள் கணக்குத்தாள் சொல்லியிருக்கும். அது பொய்யும் அல்ல. 1982இல் காசவானா, ஸ்மித் என்னும் இருவர் உணவுப் பட்டியலை அலசுவதற்கு வகுத்த முறையை இன்றும் உணவகத் தொழிலில் பயன்படுத்துகிறார்கள். எது எவ்வளவு விற்கிறது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற இரண்டையும் வைத்து, பட்டியலில் உள்ளவற்றை நான்கு வகையாகப் பிரிப்பது அந்த முறை. நன்றாக விற்று, குறைவாகவே மிஞ்சும் வகையை அவர்கள் உழவுக் குதிரை என்று அழைத்தார்கள். அதை விலக்கிவிடாமல், செலவைக் குறைத்தோ விலையைக் கவனமாகக் கூட்டியோ வைத்துக்கொள்வதுதான் அந்த முறையைப் பின்பற்றுவோரின் வழக்கம். அந்த முறைக்கே ஒரு குறையும் உண்டு: அது உணவை எண்ணுகிறது, உடன் வந்தவர்களை எண்ணுவதில்லை. அரை அளவு மட்டுமே சாப்பிட முடிகிற மூதாட்டி ஒருவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் சூழ வருகிறார். அவருக்கு இங்கே எதுவும் ஒத்துவராது என்றால் வேறிடத்துக்குப் போவது குடும்பம் முழுவதும்தான். தங்கள் தாளிலோ அரை அளவின் வருமானம் மட்டுமே இழப்பாகத் தெரியும். மற்ற நால்வரும் ஏன் வரவில்லை என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

அடுத்தது சத்தம். திரைச்சீலைகளை எடுத்துவிட்டு, சுவர் முழுக்க வழவழப்பான ஓடுகளைப் பதித்து, மூலைக்கொன்றாக ஒலிபெருக்கி வைத்திருக்கிறீர்கள். துணி ஒலியை உள்வாங்கும், ஓடு அப்படியே திருப்பியனுப்பும். சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை, 1911இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். ஒரு மேசை குரலை உயர்த்தினால் அடுத்த மேசையும் உயர்த்துகிறது, பாட்டு கேட்கவில்லையே என்று தங்கள் பணியாளர் ஒலியைக் கூட்டுகிறார், மேசைகள் மீண்டும் உயர்த்துகின்றன. மேசைகள் விரைவில் காலியாக வேண்டும் என்பதற்காகவே வேகமான பாட்டைத் தேர்ந்தீர்கள் என்றால், அதற்கு ஆதாரம் இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: 1986இல் ரொனால்ட் மில்லிமன் வெளியிட்ட ஆய்வில், மெதுவான இசை ஒலித்தபோது உணவகத்தில் மக்கள் கூடுதல் நேரம் அமர்ந்திருந்தார்கள், வேகமான இசைக்குச் சீக்கிரம் எழுந்தார்கள். ஆனால் வாசலில் ஆட்கள் காத்து நிற்கும் உணவகத்துக்குத்தான் அந்த உத்தி உதவும். மாலை வேளையில் பாதி நாற்காலிகள் வெறுமையாக இருக்கும் இடத்தில் வந்தவரையும் எழுப்பி அனுப்புவதால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

பணியாளர்களைப் பற்றிச் சொல்வதற்கே இந்த மடலைத் தொடங்கினேன். இடது காது கேட்காத முதியவர் ஒருவர் சன்னலோர மேசைக்கு வழக்கமாக வருவார். முன்பு பரிமாறியவர், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அவருக்கு வலப்பக்கம் வந்து சற்றுக் குனிந்து பேசுவார். இப்போது அந்த மேசையில் ஒரு கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறது. சென்ற வாரம் அந்தப் பெரியவர் அதன்மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார், பிறகு கைப்பேசியை எடுத்தார், பிறகு யாராவது வருவார்களா என்று சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். புதிய இளைஞர் வரத்தான் செய்தார், வந்து நின்றது இடப்பக்கம். அந்த இளைஞர்மேல் எனக்குக் குறையில்லை. பழைய பணியாளர் சிலரை இன்னும் சில மாதங்கள் வைத்திருந்தால், எந்த ஏட்டிலும் எழுதப்படாத இத்தகைய விவரங்கள் புதியவர்களின் கைக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆட்செலவைக் குறைக்கும் அவசரத்தில், தாங்கள் விலை கொடுத்து வாங்கிய நன்மதிப்பில் பெரும்பகுதியை ஒரே மாதத்தில் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

தட்டுகள் ஒரு சுற்றுச் சிறுத்திருப்பதையும் கவனித்தோம். மூலப்பொருள், வாடகை, எரிபொருள் எல்லாம் ஏறும்போது விலையைக் கூட்டுவது இயல்பு. கூட்டினால் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவோம். விலையை அப்படியே வைத்துத் தட்டைச் சுருக்கினால், எங்கள் கண்ணுக்குத் தெரியாது என்று தாங்கள் எண்ணியதாகவே எடுத்துக்கொள்வோம்.

இவ்வளவுக்கும் மேலாக, வாசலில் பழைய பெயர்ப்பலகை அப்படியே தொங்குகிறது. மாற்றம் தேவை என்று தாங்கள் கருதினால் பெயரையும் மாற்றிவிட்டு, புதிய உணவகமாகத் தொடங்குங்கள். வந்து சாப்பிட்டுப் பார்த்துப் புதிதாக ஒரு முடிவுக்கு வருகிறோம். பழைய பெயரால் வரும் கூட்டம் வேண்டும் என்றால், அந்தப் பெயரைக் கேட்டதும் நாங்கள் எதிர்பார்ப்பவற்றில் சிலவற்றையேனும் விட்டுவையுங்கள். அரை அளவை மீண்டும் பட்டியலில் சேருங்கள், விலை கூடுதலாக இருந்தாலும் சரி. அச்சிட்ட பட்டியல் சிலவற்றைக் கல்லாவில் வைத்திருங்கள். பகல் உணவு வேளையிலாவது பாட்டை நிறுத்துங்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களில் திரும்பி வர விரும்புவோரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.

இந்த மடலின் படி ஒன்றைக் கல்லாவில் கொடுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டுத் தம் கருத்தையும் சேர்த்துக் கையெழுத்திட்ட அக்கம்பக்கத்தாரின் தாள் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. தனித்தனியே பதில் எழுத வேண்டாம். எதை மாற்றுவீர்கள், எதை மாற்றமாட்டீர்கள் என்று வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
அதே தெருவில் குடியிருக்கும் வாடிக்கையாளர் ஒருவர்