அறிவு மேலாண்மைக்கு ஒரு பிடிஎஃப் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுநிலைக் கணினி வகுப்புகளில் அறிவு மேலாண்மைப் பாடத்துக்கு, அதாவது அனுபவசாலிகளின் அறிவைத் திரட்டி ஒழுங்குபடுத்திப் பகிரும் பாடத்துக்கு, அசைன்மென்ட் என்றால் பருவக் கடைசியில் இருபது பக்க பிடிஎஃப் என்றாகிவிட்டது. பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் பூஜ்யம், ஒரு நிமிடம் பிந்தினாலும் பூஜ்யம். இந்தப் பாடத்துக்கு இது ஒவ்வாத விதி.

அந்த 10 சதவீதம் யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளில் இருக்கிறது. அங்கே ஆய்வேட்டில் 10 முதல் 40 வரை வந்தால்கூடத் திருத்தித் தர இடமுண்டு. மேற்கோளும் நூற்பட்டியலும் கணக்கில் சேராது. வகுப்பு அசைன்மென்ட்டுக்கு மட்டும் என்ன அவ்வளவு கறார்? மலையாளக் கட்டுரையைத் தமிழாக்கி ஒட்டினாலோ, சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் மென்பொருள் கண்டுகொள்ளாது.

அறிவு உருவாவது பற்றி ஜப்பானிய மேலாண்மை அறிஞர்கள் நொனாகா, டாகேயுச்சி 1995இல் சொன்ன நான்கு கட்டங்களை மனப்பாடமாக எழுதுகிற மாணவர், கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பில் ஒரு விவசாயியிடம் பேசி வந்து 'நோய் வந்தால் ஓலை வாடும்' என்று குறிக்கிறார். தண்ணீர் இல்லாவிட்டாலும் ஓலை வாடும். எந்த அடுக்கு ஓலை, தொங்குகிறதா, சிற்றிலைகள் விலா எலும்பு மாதிரி உள்வளைகிறதா என்று திருப்பிக் கேட்டால்தான் வேர்வாடல் நோய் பிடிபடும். அந்தத் திருப்பிக் கேட்டலுக்குத்தான் மதிப்பெண் வேண்டும். உள்மதிப்பீடு 20 என்றால் பேட்டிக் குறிப்புக்கு 5, சொற்பட்டியலுக்கு 3, கேட்டறிந்ததைக் கணினியில் விதிகளாக ஏற்றும் அறிவுத்தளத்துக்கு 6, நேர்முகத்துக்கு 6 என்று பிரிக்கலாம். பேட்டி கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் அவர் பெயர் கோப்பில் ஏறக்கூடாது.

சொற்பட்டியலுக்கு 3 தானே என்று அலட்சியம் வேண்டாம், தமிழும் மலையாளமும் புழங்கும் இந்த எல்லைப்புறத்தில் வேலை கெடுவதே அங்கேதான். கணினியில் சொற்பட்டியல் அமைப்பதற்கான ஸ்கோஸ் முறையில் ஒரு கருத்துக்கு ஒரு மொழியில் ஒரே முதன்மைப் பெயர்தான். தமிழில் 'தென்னை', மலையாளத்தில் 'தெங்ஙு', மற்றவை மாற்றுப் பெயர்கள். 'தென்னை'யையும் 'தென்னமரம்' என்பதையும் இரண்டு தனிக் கருத்துகளாக ஏற்றினால் தேடலில் பாதி விடை காணாமல் போகும். எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் ஒருங்குறியிலும் (யூனிகோட்) வம்பு உண்டு. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது சரியாகும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள' எழுத்தும் தட்டியிருந்தால் அதுவும் உதவாது, கையால்தான் திருத்த வேண்டும்.

குழு வேலையில் யார் செய்தது என்று, கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் பதிவைப் பார்க்கிறோம். லேப் கணினியில் முன்பு யாரோ வைத்த பெயரே எல்லாக் கமிட்டிலும் (சேமித்த ஒவ்வொரு மாற்றத்திலும்) விழும். ஐந்து பேர் உழைப்பு ஒருவர் கணக்கில் போகும். வேலையைத் தொடங்குமுன் அவரவர் பெயரையும் மின்னஞ்சலையும் வைக்கச் சொல்வது விதியிலேயே இருக்கட்டும்.

கடைசி நேரம் நள்ளிரவு வேண்டாம். வேலைநாள் மாலை 5 மணி போதும், பதிவேற்றம் சிக்கினால் கேட்க ஆள் இருப்பார்கள். பிந்தினால் நாளுக்கு 10 சதவீதம் குறைத்து மூன்று நாள் வரை வாங்கலாம். பூஜ்யம்தான் என்று தெரிந்த பையன் ராத்திரி பதினொன்றரைக்கு நண்பனின் கோப்பைத்தான் கேட்பான்.

சாட்ஜிபிடியைத் தடுக்கத் தனி விதி எழுதித் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நேர்முகத்தில் அறிவுத்தளத்தின் ஒரு வரியை மாற்றிவிட்டு, எந்தக் கேள்விக்கு விடை மாறும் என்று கேட்டால் போதும். ஆளுக்கு 5 நிமிடம், 60 பேருக்கு 5 மணி நேரம்; இரண்டு லேப் வகுப்புகளில் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர்கள் சிலர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.