ஆண்டறிக்கை: கார்பாக்சிலிக் அமிலப் பெறுதிகளுடன் ஓராண்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

ஆண்டின் மாத அமர்வுகள் அனைத்தையும் கார்பாக்சிலிக் அமிலப் பெறுதிகளின் (அவ்வமிலங்களிலிருந்து பெறப்படும் சேர்மங்களின்) பெயரிடலுக்கும் வினைகளுக்கும் ஒதுக்குவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். ஒரே பாடத்துக்கு ஓராண்டு மிகை என்று அன்று சிலர் கருதினார்கள். நானும் அவர்களில் ஒருவன். அமில ஹாலைடு, நீரிலி, எஸ்டர், அமைடு, நைட்ரைல் ஆகிய ஐந்தையும் மாணவர்கள் தனித்தனியே நன்றாகவே படித்துவிடுகிறார்கள் என்பதும், பெயரிடலில் எது மூத்தது, வினையில் எது முந்துவது என்ற இரண்டு வரிசைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பதும் அமர்வுகள் நடக்க நடக்கத்தான் எனக்குப் புலப்பட்டன.

முதலில் ஒரு பிழைதிருத்தம். சென்ற ஆண்டறிக்கையின் பின்னட்டையில் இருந்த எஸ்டரின் படத்துக்குக் கீழே 'மெத்தில் பென்சோயேட்' என்று அச்சாகியிருந்தது. படம் ஃபீனைல் எத்தனோயேட்டினுடையது, தவறு என்னுடையது. இரண்டுக்கும் எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்; மூலக்கூறு நிறையும் ஒன்றே, 136. ஆக்சிஜனுக்கு எந்தப் பக்கத்தில் கார்பனைல் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இணைந்த கார்பன்) இருக்கிறது என்று பார்க்காமல், இடமிருந்து வலமாகப் படித்து நான் பெயர் வைத்துவிட்டேன். எஸ்டரின் பெயரில் முதற்சொல் ஆல்கஹாலிலிருந்தும் இரண்டாம் சொல் அமிலத்திலிருந்தும் வருகின்றன. படத்தை எந்தப் பக்கமாகத் திருப்பி வரைந்தாலும் இது மாறாது. இந்தப் பிழையையே முதல் அமர்வின் பயிற்சியாக்கியதால் அச்சுச்செலவு முற்றிலும் வீணாகவில்லை என்று பொருளாளர் ஆறுதல் கூறினார்.

பெயரிடலில் நாங்கள் நெடுநேரம் நின்றது நைட்ரைலில்தான். எத்தேன்நைட்ரைல் என்னும்போது நைட்ரஜனைத் தாங்கும் கார்பனும் சங்கிலியில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதே பொருளை மெத்தில் சயனைடு என்றால் அந்தக் கார்பன் எண்ணிக்கையிலிருந்து வெளியேறிவிடுகிறது. ஒரே மூலக்கூறில் அமிலத் தொகுதியும் இருந்துவிட்டால், மூத்த தொகுதியான அமிலத்துக்குப் பின்னொட்டைக் கொடுத்துவிட்டு நைட்ரைல் 'சயனோ' என்ற முன்னொட்டாக ஒதுங்கிக்கொள்கிறது. அதனால் மூன்று கார்பன் கொண்ட பொருளும் சயனோஎத்தனாயிக் அமிலம் என்றே பெயர் பெறுகிறது. அமைடுகளில் வேறொரு வேடிக்கை நடந்தது. நைட்ரஜனின் குறியான N-ஐ 'என்' ஆக்கி, பலகையில் 'என்-மெத்தில்எத்தனமைடு' என்று தமிழில் எழுதியபோது, "யாருடைய மெத்தில் ஐயா?" என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். மெத்தில் கார்பனில் அல்ல, நைட்ரஜனில் அமர்ந்திருக்கிறது என்பதை அதற்குப் பின் யாரும் மறக்கவில்லை. 'நீரிலி' என்ற நம் சொல்லுக்கோ விளக்கமே தேவைப்படவில்லை: இரண்டு அமில மூலக்கூறுகளிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு நீங்கினால் கிடைப்பது அது.

பெயர்வைப்புக்கான முன்னுரிமை வரிசையில் அமிலத்துக்குப் பின் நீரிலி, எஸ்டர், அமில ஹாலைடு, அமைடு, நைட்ரைல் என வருகின்றன. கருக்கவர் பொருளோடு (தன் எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்து இணையும் பொருளோடு) வினைபுரியும் வேகத்தில் அமில குளோரைடு முதலிலும், நீரிலி அடுத்தும், எஸ்டர் அதன் பின்னும், அமைடு கடைசியிலும் நிற்கின்றன. பெயரில் எஸ்டருக்குப் பின்னால் நிற்கும் அமில குளோரைடு வினையில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடுகிறது. முதல் வரிசை மனிதர் வகுத்துக்கொண்ட உடன்பாடு. இரண்டாவது மூலக்கூறின் இயல்பு.

இந்த இரண்டாம் வரிசையைக் கண்ணால் காண்பதற்காக, புகை வெளியேற்றும் பெட்டிக்குள் நான்கு சோதனைக் குழாய்களில் குளிர்ந்த நீரை வைத்தோம். எத்தனாயில் குளோரைடின் முதல் துளி விழுந்ததுமே சீறியது. ஹைட்ரஜன் குளோரைடு வெண்புகையாய்க் குழாயின் வாயில் எழுந்தது. எத்தனாயிக் நீரிலி எண்ணெய்த்துளி போல அடியில் இறங்கிக் கிடந்து, குலுக்கக் குலுக்க மெல்லக் கரைந்து வினிகர் மணத்தை விட்டது. எத்தில் எத்தனோயேட் மேலே தனி அடுக்காக மிதந்ததோடு சரி. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடேற்றிய பிறகே அந்த அடுக்கு மறைந்தது. எத்தனமைடு நீரில் கரைந்தது, ஆனால் எந்த மாற்றமும் இல்லை. காரத்தோடு கொதிக்கவிட்ட பின்னர்தான், குழாயின் வாயில் பிடித்திருந்த ஈரச் சிவப்பு லிட்மஸ் தாள் அம்மோனியாவால் நீலமானது.

காரணத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தோம். வெளியேறும் தொகுதி எவ்வளவு வலிகுறைந்த காரமோ அவ்வளவு எளிதாக விலகும்: அவற்றின் இணை அமிலங்களான ஹைட்ரஜன் குளோரைடு, எத்தனாயிக் அமிலம், எத்தனால், அம்மோனியா ஆகியவற்றின் பிகேஏ மதிப்புகள் (அமில வலிமையின் அளவு; எண் சிறிதானால் அமிலம் வலியது, அதன் காரம் வலிகுறைந்தது) முறையே ஏறத்தாழ −7, 4.8, 16, 38. மறுபக்கத்தில், அமைடின் நைட்ரஜன் தன் தனித்த எலக்ட்ரான் இரட்டையைக் கார்பனைலோடு உடனிசைவில் (எலக்ட்ரான்கள் பல அணுக்களிடையே பரவி நிற்கும் நிலையில்) பகிர்வதால் அந்தக் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு, அமீன்களில் உள்ள 1.47 ஆங்ஸ்ட்ராமிலிருந்து ஏறத்தாழ 1.33 ஆகச் சுருங்கி, இரட்டைப் பிணைப்பின் சாயலைப் பெறுகிறது; கருக்கவர் பொருளுக்கு அங்கே வரவேற்பு குறைவு.

வரலாற்று அமர்வுக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலானோர் வந்தனர். 1832-இல் வோலரும் லீபிக்கும் பென்சால்டிஹைடிலிருந்து பென்சாயில் குளோரைடு, பென்சமைடு என்று ஒன்றிலிருந்து ஒன்றாகச் செய்துகொண்டே போய், எல்லாவற்றிலும் மாறாமல் தொடரும் பென்சாயில் தொகுதியைக் கண்டதே இந்தப் பாடத்தின் பிறப்பு என்பது என் கருத்து. எஸ்டரின் நீராற்பகுப்பில் எந்தப் பிணைப்பு உடைகிறது என்பதை 1934-இல் போலான்யியும் ஸாபோவும் ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் நிறை கூடிய ஐசோடோப்பு) கலந்த நீரைக் கொண்டு காட்டினார்கள்: விளைந்த ஆல்கஹாலில் அந்தக் கன ஆக்சிஜன் இல்லை, ஆகவே உடைவது கார்பனைல் பக்கத்துப் பிணைப்பு. 1951-இல் பெண்டர் கார்பனைல் ஆக்சிஜனுக்கே அடையாளமிட்டு, வினைபுரியாமல் மிஞ்சிய எஸ்டரும் அந்த அடையாளத்தில் ஒரு பங்கை இழந்திருப்பதைக் கண்டார். நீர் சேர்ந்து ஒரு நான்முகி இடைநிலைப்பொருள் (கார்பனைல் கார்பன் நான்கு ஒற்றைப் பிணைப்புகளோடு சிறிது நேரம் நிற்கும் வடிவம்) உருவாகாமல் இது நேர வழியில்லை.

கிரிக்னார்டு வினைகளுக்கு (கார்பன்–மக்னீசியம் பிணைப்புள்ள வினைபொருளைக் கொண்டு நடத்துபவை) ஓர் அமர்வே கிடைத்தது. எஸ்டரில் தொடங்கிக் கீட்டோனில் நிறுத்த முடியாது, ஏனெனில் இடையில் பிறக்கும் கீட்டோன் எஸ்டரைவிட விரைவாக வினைபுரிந்து மூவிணைய ஆல்கஹாலாகிவிடும். கீட்டோன் வேண்டுமானால் நைட்ரைலில் தொடங்கிப் பின் நீராற்பகுக்க வேண்டும் என்பதுவரை சொல்லி முடித்தோம். ஹாஃப்மன் இடமாற்றத்தையும் கிளெய்சன் குறுக்கத்தையும் தொடவே இயலவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நூலகத்துக்கு வாங்கிய பந்து–குச்சி மாதிரிப் பெட்டியில் சிவப்பு ஆக்சிஜன் பந்துகள் இரண்டு குறைகின்றன. எடுத்துச் சென்றவர்கள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன், இல்லாவிடில் வரும் ஆண்டில் நீரிலிக்கு மாதிரி செய்ய இயலாது. விடுபட்ட இரண்டு வினைகளையும் வரும் ஆண்டின் முதல் இரு அமர்வுகளில் எடுத்துக்கொள்ளும் தீர்மானத்தை அவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
செயலாளர்